கண் விட்டுவிடுவதும் கலை பிடித்துக்கொள்வதும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொலைக்காட்சியில் பட்டு வந்துவிடும். தியாகராய நகர்த் துணிக்கடைகளின் முப்பது வினாடி விளம்பரங்களில் அரக்குச் சிவப்பும் மயில்கழுத்து நீலமும் மாம்பழ மஞ்சளும் அடுத்தடுத்து விரியும். பார்க்கிறவருக்கு அது கண்ணுக்கு விருந்து. படம் பிடிக்கிறவருக்கோ பட்டுப்புடவையைப் போலச் சோதிக்கும் பொருள் வேறில்லை. நெருக்கமாகக் கட்டம் போட்ட புடவை திரையில் தானாக நெளியும். அரக்குச் சிவப்பு தன் எல்லையைத் தாண்டிக் கசியும். ஜரிகையின் மினுக்கம் சதுரம் சதுரமாக உடையும்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மை. வீடியோ, கண்முன் இருப்பதை முழுமையாகப் பதிவு செய்வதில்லை. மனிதக் கண் எதைக் கவனிக்காதோ அதை விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் சுமந்து செல்கிறது. எதை விடலாம் என்று கண்டுபிடித்தவர்கள் பொறியாளர்கள். அப்படி விட்டதால் கிடைத்த இடத்தில் புதிதாக எதைச் செய்யலாம் என்று கண்டுபிடித்தவர்கள் கலைஞர்கள். இந்த இரண்டு வேலைகளிலும் சென்னையின் கிண்டிக்கும் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு நம்மவர்களுக்கே போதுமான அளவு தெரியவில்லை என்பது என் எண்ணம்.

வெட்ட முடியாத டேப்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் வந்தன. 1982இல் நிறம் வந்தது. அந்தக் காலம் முழுவதும் வீடியோ என்றால் காந்த நாடா, அதாவது டேப்தான்.

ஒலியை டேப்பில் பதிவது எளிது. மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வெண் வினாடிக்கு 20,000 சுற்று. தொலைக்காட்சிப் படத்தின் நுணுக்கங்களைக் கொண்டுசெல்ல வினாடிக்கு 50 லட்சம் சுற்று தேவை. ஒலியைப்போல 250 மடங்கு. அதை நேர்க்கோட்டில் பதிய வேண்டுமானால் டேப் அசுர வேகத்தில் ஓட வேண்டும்; சில நிமிடங்களில் ஒரு பெரிய சுருளே தீர்ந்துவிடும். 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இதற்கு வழி கண்டது. டேப்பை மெதுவாக ஓடவிட்டு, பதியும் தலையைச் சுழல வைத்தார்கள். நான்கு தலைகள் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 14,400 முறை சுற்றியது. பிறகு வந்த சோனியின் யூ-மேட்டிக், பீட்டாகேம் கருவிகளில் டேப் உருளையைச் சாய்வாகச் சுற்றிச் செல்லும். படம் சாய்வுக் கோடுகளாக டேப்பில் பதியும்.

பதிவு செய்யும் சிக்கல் தீர்ந்தது. எடிட்டிங் சிக்கல் பிறந்தது. சினிமா ஃபிலிமைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, வேண்டிய ஃபிரேமில் வெட்டி ஒட்டலாம். டேப்பில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கத்தரியை வைத்தால் ஒரே வெட்டில் பல சாய்வுக் கோடுகள் அறுபடும். ஆகவே டேப்பை வெட்டாமல், ஒரு கருவியில் ஓடவிட்டு இன்னொரு கருவியில் பிரதி எடுத்துத்தான் தொகுத்தார்கள். முதல் ஷாட், அடுத்து இரண்டாவது, அடுத்து மூன்றாவது என்று வரிசையாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கருவிகளையும் சில வினாடி பின்னால் ஓட்டி, வேகம் ஒன்றாக வந்தபின் பதிவைத் தொடங்க வேண்டும்.

இருபது ஷாட் கொண்ட விளம்பரத்தில் மூன்றாவது ஷாட் அரை வினாடி நீளம் என்று தோன்றினால், அதற்குப் பின்னுள்ள பதினேழு ஷாட்டையும் மறுபடி பதிய வேண்டும். அல்லது தொகுத்த டேப்பையே இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும், நிறம் மங்கும். நன்றாக வருமா என்று தெரியாத ஒரு யோசனையைச் சோதிக்க எடிட்டர் தயங்குவார். கற்பனைக்கு அப்போதிருந்த தடை இந்தத் தயக்கம்தான்.

இரண்டு கோடி பைட்

படத்தை எண்களாக்கிக் கணினியின் வட்டில் வைத்துவிட்டால் இந்தத் தடை நீங்கும். வட்டில் எந்த இடத்துக்கும் நொடியில் தாவலாம். எடிட்டர் வெட்டும்போது உண்மையில் எதுவும் வெட்டப்படுவதில்லை. எந்தக் கோப்பில், எத்தனையாவது ஃபிரேமிலிருந்து எத்தனையாவது ஃபிரேம்வரை காட்ட வேண்டும் என்ற பட்டியல் ஒன்று மட்டும் மாறுகிறது. மூல ஷாட் அப்படியே இருக்கும். பட்டியலை நூறு முறை மாற்றலாம். பழைய பட்டியலுக்குத் திரும்பலாம். இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இதைத்தான் நான்-லீனியர் எடிட்டிங் என்கிறார்கள்.

யோசனை பழையது. 1971லேயே அமெரிக்காவில் சி.எம்.எக்ஸ். 600 என்ற கருவி, கறுப்பு வெள்ளைப் படத்தை வட்டுகளில் வைத்து இதைச் செய்து காட்டியது. ஆனால் எண்கள் மலைக்க வைத்தன. இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு அகலத்தில் 720 பிக்சல், உயரத்தில் 576 வரி என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4,14,720 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் ஃபிரேமுக்கு 8,29,440 பைட். வினாடிக்கு 25 ஃபிரேம். ஆக, ஒரு வினாடிப் படத்துக்கு 2 கோடியே 7 லட்சம் பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட். 1990களின் தொடக்கத்தில் ஒரு கிகாபைட் வட்டே பெரிய விலைக்கு விற்றது.

இந்தச் சுவரைத் தாண்ட ஒரே வழி, படத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்குவது. ஐம்பதில் நாற்பத்தொன்பது பங்கை எறிந்துவிட்டு, கண்ணுக்கு அதே படம் போலத் தெரியச் செய்வது எப்படி?

கிண்டியில் படித்தவரும் இரு நண்பர்களும்

விடை ஏற்கெனவே ஒரு கணிதக் கட்டுரையில் இருந்தது. 1974 ஜனவரியில் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். மூவரும் இந்தியப் பின்னணி கொண்டவர்கள். அகமது பெங்களூரில் பிறந்து கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நடராஜன் அவருடைய ஆய்வு மாணவர். கே.ஆர். ராவ் என்று அறியப்பட்ட கமிசெட்டி ராமமோகன ராவ், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியரானார்.

அகமது 1972இல் இந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினார் என அகமது பின்னாளில் எழுதியிருக்கிறார். நிதி இல்லாவிட்டாலும் அவர் ஆய்வை விடவில்லை. இன்று உங்கள் கைப்பேசியில் உள்ள புகைப்படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அந்த எளிய யோசனையின்மீதோ அதன் வழிவந்த முறைகளின்மீதோ நிற்கின்றன.

அந்தக் கணிதத்தின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். பெயர் அச்சுறுத்தினாலும் கருத்து அச்சுறுத்தாது. கச்சேரி மேடையில் தம்புராவை மீட்டினால் ஓர் ஒலி கேட்கிறது. அதைப் பகுத்துப் பார்த்தால் அடிப்படையான ஷட்ஜமும், அதன்மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்கொண்ட மேல்சுரங்களும் இருக்கும். எந்த மேல்சுரம் எவ்வளவு என்ற பட்டியலைக் கொடுத்தால் அந்த ஒலியை மறுபடி கட்டிவிடலாம். படத்துக்கும் இதையே செய்யலாம்.

படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 64 பிக்சல். அந்த 64 வெளிச்ச அளவுகளுக்குப் பதிலாக, 64 வேறு எண்களை எழுதுகிறார்கள். முதல் எண், அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்த எண்கள், அகலமான பட்டைகள் எவ்வளவு, குறுகலான பட்டைகள் எவ்வளவு, மிக நுண்ணிய கோடுகள் எவ்வளவு என்று வரிசையாகச் சொல்பவை. இதுவரை எதுவும் இழக்கப்படவில்லை. அதே செய்தி வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த மொழியில் ஒரு பெரிய வசதி உண்டு. மெரினாவின் வானம், ஒரு முகத்தின் கன்னம், வெள்ளையடித்த சுவர் போன்றவற்றில் முதல் சில எண்களே பெரிதாக இருக்கும். மற்றவை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மனிதக் கண்ணும் அகலமான ஒளி மாற்றங்களை நன்றாக உணரும். மிக நுண்ணிய கோடுகளில் சிறு பிழை இருந்தால் உணராது. ஆகவே நுண்ணிய கோடுகளுக்கான எண்களைத் தோராயமாக்கி, சிறியவற்றைப் பூஜ்யமாக்கிவிடலாம். வரிசையாக நிற்கும் பூஜ்யங்களை எழுத அதிக இடம் வேண்டாம்.

1992இல் புகைப்படச் சுருக்கத்துக்கான ஜேபெக் தர நிர்ணயமும், தொடர்ந்து வீடியோவுக்கான எம்பெக் குடும்பமும், 2003இல் ஹெச்.264உம் இந்த வழியில்தான் வந்தன. அந்த 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் கிண்டியில் படித்தவர் என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்ல வேண்டும்.

மகாநதியின் வெட்டு

அமெரிக்காவின் ஏவிட் நிறுவனம் 1989இல் ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினியில் இயங்கும் நான்-லீனியர் எடிட்டிங் முறையை அறிமுகம் செய்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் சென்னைக்காரர்கள். விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் தொழில்நுட்பத்தில் ஆழ்ந்த செந்தில்குமாரும் 1986இல் தொடங்கிய நிறுவனம், ரியல் இமேஜ் என்று அறியப்பட்டது. இன்று அதன் பெயர் க்யூப், இருப்பிடம் மயிலாப்பூர் டாக்டர் ரங்கா சாலை. 1994 பொங்கலுக்கு வெளியான 'மகாநதி', ஏவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம். எடிட்டர் என்.பி. சதீஷ். டிஜிட்டல் முறையில் தொகுக்கப்பட்ட ஒரு படம் எடிட்டிங்குக்கான ஆஸ்கர் விருதை முதன்முதலில் பெற்றது 1997இல்; அந்தப் படம் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்'. அதற்கு மூன்று ஆண்டு முன்பே கோடம்பாக்கம் இந்த வழியில் நடந்துவிட்டது.

இதில் நம் நாட்டுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருந்தது. சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். நம் தொலைக்காட்சி 25. ஃபிலிமை வீடியோவாக மாற்றும்போது வினாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால், ஒரு ஃபிலிம் ஃபிரேமுக்குச் சரியாக ஒரு வீடியோ ஃபிரேம் கிடைக்கும். வேகம் 4 சதவீதம் கூடும், அவ்வளவுதான். வினாடிக்கு 30 வீடியோ ஃபிரேம் கொண்ட அமெரிக்காவில் ஃபிரேம்களைத் துண்டாடிப் பங்கிட வேண்டியிருந்தது. மூல ஃபிரேமைத் தேடிக் கண்டுபிடிப்பது அங்கே கணக்குச் சிக்கல். இங்கே கணினியில் வெட்டு முடிந்ததும், ஃபிலிமின் ஓரத்தில் அச்சிட்ட எண்களோடு பொருத்தி ஒரு பட்டியல் எடுத்தால் போதும். அதன்படி நெகட்டிவ் வெட்டப்படும்.

மூவியோலா என்ற பழைய எடிட்டிங் கருவியிலும் ஃபிலிமை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம்தான். ஆனால் ஒவ்வொரு வெட்டும் பிரதியைத் தேய்க்கும். ஒரு காட்சி கரைந்து இன்னொரு காட்சியாகும் டிசால்வ் வேண்டுமென்றால் லேபுக்கு எழுதிக்கொடுத்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். கணினியில் அதை அப்போதே பார்த்துவிடலாம். வேகமும் சுதந்திரமும் ஒரே மேசையில் சேர்ந்தன.

இந்த மாற்றம் சென்னையில் முதலில் நிகழ்ந்ததற்கு நான் காணும் காரணம், விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் இடையே இங்கிருந்த ஓயாத போக்குவரத்து. அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்', 'அக்னி நட்சத்திரம்' படங்களுக்குப் பிறகும் விளம்பரப் படங்களில் தொடர்ந்து வேலை செய்தார். அதே கல்லூரியில் படித்த ராஜீவ் மேனன் விளம்பரங்களில் தேர்ந்து 'பம்பாய்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வந்தார். ஏ.ஆர். ரகுமான் 'ரோஜா'வுக்கு முன் விளம்பர இசையில் தேர்ந்தவர்; லியோ காபி விளம்பரத்துக்கு அவர் அமைத்த இசை பெயர்பெற்றது. வீட்டோடு அமைந்த தன் ஒலிக்கூடத்தில் அவர் கணினியை வைத்துச் செய்ததும், ஒலிச் சுவடுகளைத் தனித்தனியே வைத்து விரும்பியபடி மாற்றியமைக்கும் இதே வேலைதான்.

முப்பது வினாடி என்பது 750 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக எடுத்துச் சீர்செய்ய அங்கே நேரமும் பணமும் இருக்கும். தோற்றால் இழப்பு சிறியது. மூன்று மணி நேரப் படத்தில் துணியாத சோதனையை அதில் துணியலாம். குறைந்த வட்டு இடத்தில் அடங்கக்கூடியதும் அதுவே. விளம்பரத்தைப் பொருள் விற்கும் வேலையாக மட்டும் பார்த்தால், அது தமிழ்ச் சினிமாவின் சோதனைக்கூடமாக இருந்த வரலாற்றைத் தவறவிடுவோம்.

பட்டின் மூன்று சிக்கல்கள்

பட்டுப்புடவை ஏன் சோதிக்கிறது என்பதை இப்போது சொல்ல முடியும்.

முதலில் நெளியும் கட்டம். கேமராவின் உணரியில் பிக்சல்கள் வரிசையாக நிற்கின்றன. புடவையில் இழைகள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு கோட்டையும் அதற்கடுத்த இடைவெளியையும் அடையாளம் காணக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். கட்டங்கள் அதைவிட நெருக்கமாகிவிட்டால், இல்லாத ஓர் அகலமான பட்டையைக் கேமரா பதிந்துவிடும். கட்டியிருப்பவர் சற்று அசைந்தாலும் அந்தப் பொய்ப் பட்டை அலைபோல ஓடும். செய்தி வாசிப்பவர்களிடம் நெருக்கமான கோடு போட்ட உடை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கேமராவை ஒரு அடி முன்னே பின்னே நகர்த்தினால் பல சமயம் இது மறையும்.

இரண்டாவது, கசியும் சிவப்பு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. ஆகவே தொலைக்காட்சி வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைக் குறைத்தும் அனுப்புகிறது. பழைய பால் ஒளிபரப்பில் வெளிச்சத்துக்குக் கிடைத்த அலைவரிசை அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நிறத்துக்கு. இன்றைய டி.டி.ஹெச். படத்திலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற அளவுதான். மேலும், வெளிச்சத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அடர்ந்த சிவப்புப் பட்டின் நெசவு நுணுக்கத்தில் பெரும்பங்கை நிறப் பகுதியே சுமக்க வேண்டியிருக்கிறது. அங்கே கூர்மை குறைவு. எனவே நிறம் ஓரம் தாண்டிப் பரவுகிறது.

மூன்றாவது, உடையும் ஜரிகை. ஜரிகையின் ஒவ்வொரு மினுக்கும் ஒரு கூர்மையான ஒளிப்புள்ளி. கொசைன் மொழியில் அதை எழுத 64 எண்களும் தேவைப்படும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே மினுக்கு இடம் மாறிவிடுவதால் முந்தைய ஃபிரேமைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. சேனலுக்கு ஒதுக்கிய வேகம் வினாடிக்கு 40 லட்சம் பிட் என்றால், மூலப் படத்தின் நாற்பதில் ஒரு பங்குதான் வீட்டுக்கு வரும். இடம் போதாதபோது நுண்ணிய எண்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் வெளியே தெரியும். தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் மிருதுவான பக்கவாட்டு ஒளியில், நிதானமான அசைவில், எளிய பின்னணியில் பட்டைக் காட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை. ஃபிரேமின் மற்ற பகுதிகள் எளிமையாக இருந்தால் மிச்சமாகும் பிட்கள் ஜரிகைக்குக் கிடைக்கும்.

இல்லாத உடல் ஆடியது

1994இல் 'காதலன்' வந்தது. 'முக்காலா முக்காபுலா' பாட்டில் பிரபுதேவாவின் தலையும் கைகளும் கால்களும் மறைந்துபோக, உடைகள் மட்டும் ஆடியதைப் பார்த்துத் தமிழ்நாடே வியந்தது. அந்த ஆண்டின் சிறப்புக் காட்சி உத்திகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

உருவங்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையின் அடிப்படை, நிறத்தை வைத்து ஒரு முகமூடி செய்வது. ஒரு குறிப்பிட்ட நிறம் உள்ள இடமெல்லாம் ஒளி ஊடுருவும் கண்ணாடி என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், அங்கே வேறு படம் தெரியும். மனிதத் தோல் எந்த ஊராராக இருந்தாலும் சிவப்பும் மஞ்சளும் கலந்த பக்கமே சாயும். அதிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் நீலத்தையும் பச்சையையும் பின்னணிக்குத் தேர்ந்தார்கள். ஃபிலிம் காலத்தில் நீலம் அதிகம். டிஜிட்டல் காலத்தில் பச்சை, ஏனென்றால் கேமரா உணரிகளில் சரிபாதி பிக்சல்கள் பச்சைக்கானவை. படப்பிடிப்புத் தளத்தில் கிரீன் மேட் என்று சொல்வது இதைத்தான்.

கண்ணுக்குப் போதும் என்று நிறத்தில் விட்டுவிட்ட கூர்மை இங்கேதான் பழிவாங்கும். நிற அளவு நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் இருந்தால், முகமூடியின் ஓரம் படிப்படியாக, முரடாக வரும். முடியின் இழைகள் தொலைந்துபோகும். ஆகவே கிராபிக்ஸ் வேலைக்கான மூலப் படத்தை நிறத்தில் குறைவில்லாத முறையில் பதிகிறார்கள். பார்வையாளரின் கண் மன்னிப்பதைக் கணினியின் கண் மன்னிப்பதில்லை.

பிழையே தூரிகை

விளம்பரக்காரர் குறைகளை மறைக்கப் பாடுபடுகிறார். சோதனைக் கலைஞர் அவற்றை வெளியே இழுக்கிறார். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் 1965இல் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். படக்குழாயில் ஓடும் எலக்ட்ரான் கற்றை காந்தப்புலத்தில் வளையும். அதனால் திரையில் ஒளிச் சுருள்கள் மலர்ந்தன. வீட்டுக் கூடத்தில் அதிகாரத்தோடு பேசிய பெட்டி, பார்வையாளரின் கையசைவுக்கு வளைந்து கொடுக்கும் கருவியானது. இந்தியாவில் 1969இல் ஓவியர் அக்பர் பதம்சி மும்பையில் நடத்திய விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்பில் நளினி மலானி, சிறு மாதிரி வீடுகளை வண்ண ஒளியில் ஃபிரேம் ஃபிரேமாகப் படம்பிடித்து 'டிரீம் ஹவுசஸ்' செய்தார். ஓவியர்களின் கையில் கேமரா கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டின் முன்னோடிச் சான்றுகளில் அது ஒன்று.

டிஜிட்டல் காலத்தின் காந்தம், டேட்டாமாஷ் என்ற உத்தி. சுருக்கப்பட்ட வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. எப்போதோ ஒரு முழு ஃபிரேம் வரும். இடையில் வருபவை, இந்தக் கட்டம் இவ்வளவு இடப்பக்கம் நகர்ந்தது, அந்தக் கட்டம் இவ்வளவு மேலே போனது என்ற குறிப்புகள் மட்டுமே. ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட்டின் முழு ஃபிரேமை வேண்டுமென்றே நீக்கிவிட்டால், பழைய ஷாட்டின் நிறங்கள் புதிய ஷாட்டின் அசைவுகளோடு உருகி ஓடும். 2005இல் தகேஷி முராடா இப்படி 'மான்ஸ்டர் மூவி' என்ற சிறு படத்தை உருவாக்கினார்.

சென்னைவாசிகள் இந்தக் கலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். டி.டி.ஹெச். அலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழையின் துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்கும். பழைய ஆன்டெனாவில் அலை பலவீனமானால் படம் மெல்ல மெல்ல மங்கும். டிஜிட்டலில் ஓர் எல்லைவரை படம் தெளிவாக இருக்கும். அதைத் தாண்டியதும் முகங்கள் சதுரங்களாகி நகர்ந்து உறையும். அந்தச் சதுரங்கள் அகமது, நடராஜன், ராவ் மூவரின் கணிதம் கண்ணெதிரே தெரியும் வடிவம்.

கொட்டகைவரை

எடிட்டிங் டிஜிட்டல் ஆனபின்னும் திரையரங்குக்கு ஃபிலிம்தான் போனது. நிமிடத்துக்கு 90 அடி; இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். பிரதிக்கு ஆகும் செலவால் பெருநகரங்களில் முதலில் ஓடி, கீறல் விழுந்தபிறகே சிறு ஊர்களுக்கு வரும். 2004இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே வழியில் 'மும்பை எக்ஸ்பிரஸ்' வந்தது. அதே காலத்தில் மயிலாப்பூர் நிறுவனம் க்யூப் முறையைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. வட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ படம் போய்ச் சேரும். மறைக்குறியீட்டால் பூட்டிய கோப்பை, அந்தத் திரையரங்குக்கென்று குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லும் சாவியால் திறப்பார்கள். சின்ன ஊர்க் கொட்டகையும் முதல் நாளே முதல் தரமான படத்தைக் காட்ட முடிந்தது. சிறு தயாரிப்பாளர்களின் படங்களுக்கும் கதவு திறந்தது.

எதையும் விடக் கூடாத இடம்

கண்ணுக்குத் தேவையில்லாததை விடுவதுதான் வீடியோவின் பலம் என்று இதுவரை சொன்னேன். அது செல்லாத ஓர் இடம் உண்டு: ஆவணக் காப்பகம்.

1975இலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்னையில் உருவான நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் சோதனைப் படங்களும் பெரும்பாலும் யூ-மேட்டிக், பீட்டாகேம் டேப்புகளில் இருந்தவை. டேப்பின் காந்தத் துகள்களைப் பிளாஸ்டிக்கோடு பிணைக்கும் பசை பாலியூரித்தேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். பிசுபிசுத்த டேப்பை ஓட்டினால் துகள்கள் உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். கடலோரச் சென்னையின் ஈரப்பதமும் வெப்பமும் இந்தச் சிதைவை வேகப்படுத்துபவை. அடுப்பு போன்ற கருவியில் ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்தால் சில வாரங்களுக்கு டேப் உயிர்பெறும். அந்த இடைவெளியில் பிரதி எடுத்துவிட வேண்டும். டேப்பை ஓட்டும் கருவிகள் குறைந்துவருகின்றன; அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள்.

பிரதி எடுக்கும்போது எதையும் எறியாத சுருக்க முறையைக் கையாள வேண்டும். எஃப்.எஃப்.வி.1 போன்ற முறைகள் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் கோப்பைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். 1993இல் ஒரு மணி நேரப் படத்தின் 75 கிகாபைட் எட்டாத உயரம். இன்று ஒரு சாதாரண வட்டில் அப்படிப் பல மணி நேரம் அடங்கும். நாம் இன்று தேவையில்லை என்று நினைக்கும் நுணுக்கத்தில் நாளைய ஆய்வாளருக்கு ஒரு நெசவு வகையோ, ஒரு தெருப் பலகையோ, ஒரு நடிகரின் முகத் தசை அசைவோ தேவைப்படலாம்.

தமிழ் அச்சு நூல்களுக்கு இப்படியொரு காவலைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் செய்து காட்டியிருக்கிறது. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று அறியப்பட்ட கல்லூரியும் அதே தரமணியில்தான் இருக்கிறது. அருகிலேயே கிண்டி பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. டேப்பின் வேதியியல் தெரிந்தவர், சுருக்கக் கணிதம் தெரிந்தவர், ஷாட்டின் அழகு தெரிந்தவர் மூவரும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கும் ஊர் இது. இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தமிழ் வீடியோவுக்கு ஒரு காப்பகம் தொடங்க வேண்டும். விளம்பர நிறுவனங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் தங்கள் கிடங்குகளில் உள்ள டேப்புகளின் பட்டியலைத் தருவது அதற்கு முதல் படி. பட்டியல் இருந்தால் எதை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அந்தப் பட்டியலிலிருந்து சில வரிகளை அழித்துவிடும்.